சில்லென்ற கையும் சாக்லெட் தட்டும்

ஒரு பெண்ணின் உள்ளங்கை சில்லென்று இருந்தால் அவள் புருஷன் அவளை விட்டுப் போய்விடுவான் என்று நீங்கள் நம்புவீர்களா? அவசரப்பட்டுச் சிரிக்காதீர்கள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் மாத்திரை போடாதவர்கள், பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தவர்கள், அதை நம்பினார்கள். நம்பியதோடு நிற்காமல் ஒருத்தியின் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தார்கள். அவள் பெயர் பிரமிளா. ஊர் ஆந்திர எல்லையோரத்து நகரி.

பிரமிளாவின் கை பிறந்ததிலிருந்தே குளிர்ச்சி. நகரியில் சித்திரை மாதம் எப்படி இருக்கும் என்று அங்கே ஒரு மத்தியானம் நின்றவர்களுக்குத் தெரியும். மலைப் பாறையெல்லாம் காய்ந்து அனலை ஊருக்குள் தள்ளும். அந்த நாளிலும் அவள் உள்ளங்கை பானைத் தண்ணீர் மாதிரி இருக்கும். சின்ன வயதில் அண்ணன் முரளிதரனுக்குக் காய்ச்சல் வந்தால் ஈரத்துணி கேட்க மாட்டான். "பாப்பா, கைய வையி" என்று நெற்றியைக் காட்டுவான். விரல் நுனிக்கு ரத்தம் கொஞ்சம் மெதுவாகப் போகிறது, அவ்வளவுதான் விஷயம். சிலருக்குக் கை வியர்க்கிறது, சிலருக்குப் பாதம் எரிகிறது. இதில் பெருமைப்படவும் ஒன்றுமில்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

முரளிதரனுக்கு வெதுருகுப்பத்தில் பெண் பார்த்தார்கள். பெண் யசோதா. அவளுக்கு ஒரு தம்பி, திலீப். ஒரு வீட்டிலிருந்து பெண் எடுத்தால் அந்த வீட்டுக்கே பெண் கொடுப்பது அந்தப் பக்கத்தில் வழக்கம்; இரண்டு வீட்டுக்கும் செலவும் மிச்சம், சந்தேகமும் மிச்சம். ஆகவே யசோதா நகரிக்கு வந்தாள், பிரமிளா வெதுருகுப்பத்துக்குப் போனாள்.

போன அடுத்த வருஷம் அந்த வீட்டில் ஒரு காதுகுத்து. லட்டு பிடிக்க உட்கார்ந்தார்கள். திருப்பதி மலையைப் பார்த்துக்கொண்டே பிழைக்கிற ஜில்லாவில் லட்டு பிடிக்கத் தெரியாத கை கிடையாது. பூந்தியில் பாகு சூடாக இருக்கும்போதே நெய் தொட்டு, அள்ளி, அழுத்தி உருட்டிவிட வேண்டும். ஆறினால் ஒட்டாது. முதல் லட்டைப் புது மருமகள்தான் பிடிக்க வேண்டும் என்று மாமியார் சொன்னாள். பிரமிளா அள்ளினாள். அவள் விரல் பட்ட இடத்தில் பாகு சட்டென்று இறுகி மணல் மாதிரி ஆனது. உருட்டி வைத்த லட்டு தட்டில் பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னொன்று பிடித்தாள், அதுவும் உதிர்ந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் கை வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மாமியார் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இன்னாடி இது, பொணத்துக் கை மாதிரி கீது? ராசியில்லாத கை."

அன்றிலிருந்து அந்த வீட்டில் விதை நெல்லை அவள் தொடவில்லை. கன்று போட்ட மாட்டின் சீம்பாலை அவள் கறக்கவில்லை. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. "நீ இரு, நீ இரு" என்று மெதுவாக நகர்த்திவிட்டார்கள், அவ்வளவுதான். மெதுவாக நகர்த்துவது எவ்வளவு பெரிய அடி என்று வாங்கியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

திலீப் லாரி ஓட்டினான். சூளூர்பேட்டைக்கு லோடு எடுத்துக்கொண்டு போனவன் முதலில் வாரத்துக்கு ஒருமுறை வந்தான், பிறகு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு அங்கேயே பிரேமலதா என்கிறவளோடு வீடெடுத்துத் தங்கிவிட்டான். பஞ்சாயத்து கூடியது. பேசினார்கள், டீ குடித்தார்கள், கலைந்தார்கள். கலையும்போது மாமியார் சொன்ன வார்த்தை ஊர் முழுக்கப் போனது: "அன்னிக்கே லட்டு உதுந்துச்சே, அப்பவே எனக்குத் தெரியும்."

ஓடிப்போனவை அவன் கால்கள். பழி விழுந்தது இவள் கையின் மேல்.

பிரமிளா நகரிக்குத் திரும்பி அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டாள். புடவைக்கு ஃபால்ஸ் தைத்தாள். கீழே தெருவில் விசைத்தறிகள் பகலெல்லாம் தடக்தடக்கென்று ஓடும். புதிதாக வருகிறவர்களுக்குத் தலைவலி வரும். அவளுக்கு அது தாலாட்டு. மத்தியானம் தையலுக்கு நடுவே அந்தச் சத்தத்தில் கண் தானாகச் செருகும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த நேரத்தில் அறை மெல்ல அசைவது போலவும், புடவைகளின் சிவப்பும் மஞ்சளும் தண்ணீரில் கரைவது போலவும், தான் ஒரு படகில் எங்கோ போய்க்கொண்டிருப்பது போலவும் இருக்கும். எங்கே என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றாது.

அண்ணன் மகள் நளினிதான் மாடிக்கு அடிக்கடி ஏறி வருவாள். இரண்டு வீட்டு ரத்தமும் ஓடுகிற பெண். முரளிதரன் வழியில் பிரமிளா அவளுக்கு அத்தை, யசோதா வழியில் திலீப் அவளுக்குத் தாய்மாமன். திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியை நீட்டி, "அத்தெ, இத பாரேன்" என்றாள்.

யாரோ ஒருத்தி கருப்பு சாக்லெட்டைக் கொத்தி, சுடவைத்த கிரீமை அதன்மேல் ஊற்றி, கலக்கி, உருட்டிக்கொண்டிருந்தாள். அந்த உருண்டைக்கு ட்ரஃபிள் என்று பெயராம்.

"இதுல இன்னா கீது? லட்டு மாதிரிதான உருட்டறா" என்றாள் பிரமிளா.

"அப்ப நீயே செஞ்சு குடு. எனக்கு வாயி ஊறுது."

அடுத்த வாரம் நளினி திருப்பதியிலிருந்து சாக்லெட் கட்டியும் கிரீம் பெட்டியும் வாங்கி வந்தாள். பிரமிளா செய்தாள். எப்படிச் செய்தாள் என்றால், வீடியோவைக் கண் பார்த்தது, கை லட்டு பிடித்தது. கலவை சூடாக இருக்கும்போதே இறக்கிவைத்து, பச்சைக் கற்பூரமும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, உள்ளங்கையில் நெய் தடவி, அள்ளி உருட்டினாள். திருப்பதிப் பக்கத்துக்காரர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. சாக்லெட் விரலிடுக்கில் இறங்கி முழங்கை வரை வழிந்தது. அறை முழுக்கக் கோயில் வாசனை.

நளினி வழித்து நக்கிப் பார்த்தாள். "அத்தெ, கண்ண மூடிக்கினு துன்னா, பெருமாளே வந்து சாக்லெட் ஃபேக்டரி வெச்ச மாதிரி கீது."

"சிரிக்காதடி. இதுவும் உருண்டைக்கு வரல பாரு. என் கை அப்படி." பிரமிளா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மீதிக் கலவையைக் கிண்ணத்தோடு கீழ்வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து மறந்துபோனாள்.

மறுநாள் மத்தியானம் கிண்ணத்தைக் கழுவ எடுத்தபோது கலவை கெட்டியாகியிருந்தது. எறிய மனமில்லாமல் ஒரு கரண்டி தோண்டி உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். அது உருண்டது. உருகவில்லை, ஒட்டவில்லை. வெளியே அனல் அடித்துக்கொண்டிருக்க, அவள் கைக்குள் ஒரு சின்ன, கருத்த, வழவழப்பான உருண்டை, கோலிக்குண்டு மாதிரி திரண்டு நின்றது. இன்னொன்று உருட்டினாள். பிறகு இன்னொன்று. விசைத்தறியின் தாளத்துக்கு ஏற்பக் கை தானாகச் சுழன்றது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கிண்ணம் காலியானபோது கனவிலிருந்து இறக்கிவிடப்பட்டவள் மாதிரி விழித்துப் பார்த்தாள். தட்டு நிறைய இருந்தது.

நளினி வந்து, தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தானும் உருட்டிப் பார்த்தாள். இரண்டு சுற்றுக்குள் அவள் கையில் குழம்பு. "எனக்குக் கை இல்ல அத்தெ, அடுப்பு" என்றாள்.

லட்டுக்குச் சூடு வேண்டும், ட்ரஃபிளுக்குக் குளிர் வேண்டும். ஒரு கை ஒன்றுக்கு உதவாது, இன்னொன்றுக்கு உதவும். இதற்கு மேல் இதில் சொல்ல எதுவும் இல்லை. சொன்னவர்கள்தான் சொல்லிக்கொண்டே போனார்கள்.

பிரமிளா பழகிக்கொண்டாள். கிரீம் பொங்கக் கூடாது. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்ததும் இறக்கிவிட வேண்டும். சாக்லெட்டின் மேல் ஊற்றி மூடி வைத்துக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பொறுத்தபின் நடுவிலிருந்து கலக்கத் தொடங்கினால், பழுப்பும் வெள்ளையுமாகச் சுழன்று சுழன்று, திடீரென்று ஒரு கணத்தில் எல்லாம் ஒரே நிறமாகி, மழை பெய்து ஓய்ந்த சாயங்காலத்துக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி பளபளக்கும். அந்தக் கணத்துக்காகவே அவள் செய்தாள் என்றுகூடச் சொல்லலாம். அந்தக் கிணற்றில் அவள் முகம் தெரியும். அதில் வயது தெரியாது.

பச்சைக் கற்பூரத்தை விட்டுவிட்டாள். ஏலக்காயை வைத்துக்கொண்டாள். உப்பு ஒரு சிட்டிகை. மேலே கோகோ பொடி. நளினி லேபுக்கு எடுத்துப்போனாள், அங்கிருந்து கேட்டார்கள்; பிறந்தநாளுக்குக் கேட்டார்கள்; புத்தூரிலிருந்து, ரேணிகுண்டாவிலிருந்து ஆள் விட்டு வாங்கிப் போனார்கள். ஃபால்ஸ் தையல் குறைந்து, மாடியில் தனி ஃபிரிட்ஜ் வந்தது.

அப்போதுதான் நளினிக்கு வரன் அமைந்தது. பையன் சுதீர், திருப்பதியில் சொந்தமாகக் கண்ணாடிக் கடை. தெலுங்குக் குடும்பம். நிச்சயதார்த்தம் திருப்பதி மண்டபத்தில்.

"வரிசைத் தட்டுல கடை ஸ்வீட்டு வேணாம். அத்தெ செஞ்ச ட்ரஃபிள்தான் வெக்கணும்" என்று நளினி சொல்லிவிட்டாள். பெண் வீட்டு வரிசைத் தட்டுகளைப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஏந்தி வந்து மேடையில் விளக்கின் முன் வைப்பார்கள். முதல் தட்டை அத்தை எடுத்துவர வேண்டும். அது அத்தையின் உரிமை.

பிரமிளாவுக்கு அன்றைக்கு மத்தியானம் கண் செருகியபோது படகு வரவில்லை. ஒரு நீளமான மண்டபம் வந்தது. இரண்டு பக்கமும் முகங்கள், ஆனால் ஒன்றும் தெளிவாக இல்லை. நடுவே சிவப்புக் கம்பளம். அவள் கையில் தட்டு. கனமே இல்லாத தட்டு. நடந்துகொண்டே இருந்தாள். யாரும் "நீ இரு" என்று சொல்லவில்லை. அதன்பின் பல மத்தியானங்கள் அவள் அந்தக் கம்பளத்தில் நடந்தாள். நாற்பதைத் தாண்டிய பெண் இப்படிப் பகலில் கனவு காணலாமா என்று கேட்பவர்கள், அவளுக்கு வேறு எதை விட்டுவைத்தார்கள் என்று பதில் சொல்லிவிட்டுக் கேட்கட்டும்.

நிச்சயத்துக்குச் சில நாள் முன் யசோதா மாடி ஏறி வந்தாள். தைத்து மடித்து வைத்திருந்த புடவையை எடுத்து மறுபடி மடித்தாள்.

"சாக்லெட்டு எல்லாம் ரெடி பண்ணிடுவியா?"

"பண்ணிடுவேன் அண்ணி."

"மண்டபத்துக்கு எடுத்துக்கினு வந்துடு. ஆனா மேடைக்கு..." யசோதா புடவையைக் கீழே வைத்தாள். "தட்ட பிரேமலதா கையில குடுத்துடலாம்னு அம்மா சொல்லுது. தம்பி தாய்மாமனா வந்து ஒக்காரப் போறான். அவளும் கூட வருவா. சுமங்கலி வேற. ஜனம் ஒண்ணும் பேசாது."

பிரமிளா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் போகவில்லை.

"அவன் வரானா?"

"தாய்மாமன் இல்லாம எப்பிடிடி நிச்சயம் பண்றது?"

"அத்தெ இல்லாம பண்ணலாமா?"

"உன்ன வர வேணான்னா சொன்னேன்? வா. துன்னு. பொண்ணுக்கு அலங்காரம் பண்ணு. தட்ட மட்டும் தொடாத. நீ அவனோட வாழவும் இல்ல, அவன் செத்துப் போவவும் இல்ல. உன்ன எந்த வரிசையில நிக்க வெக்கறதுன்னு எனக்கே தெரியலடி. அதுவும் அம்மா, அந்தக் கைன்னு..." அதற்கு மேல் சொல்ல யசோதாவுக்கே கூச்சமாக இருந்தது. அவள் கெட்டவள் இல்லை. கெட்டவர்களால் மட்டும் இந்த வழக்கம் இத்தனை காலம் ஓடியிருக்காது.

யோசித்துப் பாருங்கள். விட்டுவிட்டுப் போனவனுக்கு மாலை, பட்டு வேட்டி, மேடையில் நாற்காலி. அவனோடு வந்தவளுக்குத் தட்டு. விடப்பட்டவளுக்குச் சமையல்கட்டு. இதற்குச் சாஸ்திரம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பிரமிளா சொன்னாள்: "செஞ்சு தரேன் அண்ணி. ஆனா என் தட்ட நான்தான் எடுத்துக்கினு வருவேன். முடியாதுன்னா கடையில வாங்கி வெச்சுக்கோ."

"பொண்ணு நிச்சயத்துல வீம்பு புடிப்பியா?"

"அவ நிச்சயத்துலதான் புடிக்க முடியும். வேற யாரு நிச்சயத்துக்கு என்ன கூப்புடறாங்க?"

கீழே முரளிதரனிடம் விஷயம் போனது. அவன் மாடிப்படியில் பாதி வரை வந்து, "பாப்பா, ஒரு நாள்தானே" என்றான். பிரமிளா தையலை எடுத்துக்கொண்டாள். அவன் அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டு இறங்கிப் போனான். நளினியிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. கல்யாணப் பெண்ணின் மனசு கலங்கக்கூடாதாம். மற்றவர்கள் மனசு கலங்கலாம்.

அவள் செய்தாள். வீம்பு வேறு, நளினி வேறு. முந்தின நாள் விடிகாலையில், தறிகள் ஓடத் தொடங்காத நேரத்தில், சாக்லெட்டைக் கொத்தினாள். சின்னச் சின்னச் சீவலாக அது பலகையில் குவிந்தது. ஜன்னலுக்கு வெளியே மலைகள் இன்னும் நீலமாக, கனவில் பாதி மூழ்கினவை போல நின்றன. கிரீம் ஊற்றி, மூடி, பொறுத்து, கலக்கினாள். பழுப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று தேடிச் சுழன்றன. அவள் எதையும் நினைக்கவில்லை. மேடையையும் நினைக்கவில்லை, அவனையும் நினைக்கவில்லை. சாயங்காலம் உருட்ட உட்கார்ந்தபோது கை முன்னே போனது, அவள் பின்னால் போனாள். ஒவ்வொரு உருண்டையும் உள்ளங்கையில் பிறந்து, பொடியில் புரண்டு, பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் காலை வேன் புத்தூர் தாண்டி, வடமாலைப்பேட்டை தாண்டி ஓடியது. ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். வெளியே மாந்தோப்புகள் வெயிலில் மிதந்து பின்னால் போயின. 

மண்டபத்தில் சமையல்கட்டுக்குப் பக்கத்தில் சாமான் அறை. அங்கே பெட்டியை இறக்கிவைத்து, வெள்ளித் தட்டில் அடுக்கத் தொடங்கினாள். கடைசி நிமிஷம் வரை ஐஸுக்குள் இருக்க வேண்டும். மேடை விளக்குச் சூட்டில் சீக்கிரம் இளகிவிடும். அறை வாசலிலிருந்து பார்த்தால் மேடை தெரிந்தது. திலீப் மாலையோடு உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருந்தது. தொந்தி விழுந்திருந்தது. அவனைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும் என்று பயந்துகொண்டு வந்தவளுக்கு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனைப் பார்த்த மாதிரிதான் இருந்தது. அவன் பக்கத்தில் வெளுத்த முகத்தோடு ஒரு பெண் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். பிரேமலதா. அவளுக்கும் அங்கே உட்காரப் பிடிக்கவில்லை என்று அந்த விரல்கள் சொல்லின.

அப்போது சாமான் அறைக்குள் ஒரு பெரிய அம்மாள் நுழைந்தாள். சுதீரின் தாய் கமலம்மா. மாத்திரை போட்டுக்கொள்ளத் தண்ணீர் தேடி வந்தவள் தட்டைப் பார்த்து நின்றாள்.

"ஏமிட்டி இதி? கோலிகுண்டா?"

"சாக்லெட்டும்மா. துன்னு பாருங்க."

கமலம்மா ஒன்றை வாயில் போட்டாள். மாத்திரையை மறந்தாள். கண்ணை மூடி, கன்னத்தை ஒதுக்கி, அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். "சாலா பாகுந்தி, ரொம்ப நல்லா இருக்கு. எந்தக் கடை?"

"கடை இல்லம்மா. நான்தான் செஞ்சேன்."

கமலம்மா அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "அப்பா, எந்த சல்லகா உந்தோ! எவ்ளோ சில்லுனு இருக்கு. எங்க ஊர்ல இப்படிக் கையிருந்தா நடவு அன்னிக்கி நாத்துக் கத்தைய அவ கிட்டதான் மொதல்ல குடுப்பாங்க. ராசியான கைம்மா. நீ எடுத்துட்டு வந்து வெச்சா எங்க சுதீரு வாழ்க்கையே குளுகுளுன்னு இருக்கும்." வாசலில் வந்து நின்ற யசோதாவைப் பார்த்துத் திரும்பினாள். "மொதல் தட்டு இந்தம்மா கையாலதான் வரணும், சரியா? நான் சொல்லிட்டேன்."

தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

யசோதாவின் முகத்தில் இத்தனை நாள் இல்லாத வெளிச்சம். "கேட்டியா? சம்பந்தியம்மாவே சொல்லிட்டாங்க. இனிமே அம்மாவும் ஒண்ணும் பேச முடியாது. ராசியான கையாம். எடு, எடுத்துக்கினு வா."

பிரமிளா தட்டைப் பார்த்தாள். எத்தனை மத்தியானம் கனவில் ஏந்திய தட்டு. கையை நீட்டினால் போதும்.

"வரமாட்டேன் அண்ணி."

"இன்னாடி சொல்ற?"

"வெதுருகுப்பத்துல ராசியில்லாத கை. இங்க ராசியான கை. ரெண்டும் அதே கைதான? நாளைக்கி சுதீரு கடையில ஒரு கண்ணாடி ஒடஞ்சா, நளினிக்கும் அவருக்கும் ஒரு சண்டை வந்தா, மறுபடி இந்தக் கையத்தான் திருப்பிப் பாப்பாங்க. எனக்கு ராசியும் வேணாம், ராசியில்லாததும் வேணாம். என் கை சில்லுனு கீது. அவ்ளோதான் அது." அவள் குரல் உயரவில்லை. "நான் அவளுக்கு அத்தெ. அதுக்காகக் கூப்புடு, வரேன். ராசின்னு கூப்புட்டா, பிரேமலதாகிட்டயே குடு. பாவம் அவளும் இன்னா பண்ணுவா."

வெளியே லக்ன பத்திரிகை வாசித்து முடிக்கிற சத்தம் கேட்டது. தட்டில் உருண்டைகளின் மேல் கோகோ பொடி லேசாக ஈரம் கோத்தது. வரிசைக்கு நிற்கும் பெண்கள் புடவை சரசரக்க வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் வெதுருகுப்பத்துக் கிழவியும் ஒருத்தி. யசோதாவின் தாய். பிரமிளாவின் மாமியார்.

"யாரு மொதல் தட்டு?" என்று கிழவி கேட்டாள்.

யசோதா மேடையில் மாலையோடு இருந்த தம்பியைப் பார்த்தாள். பிறகு தன் தாயைப் பார்த்தாள். அவர்கள் இருவரையும் விட்டுக்கொடுக்க அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் குனிந்து வெள்ளித் தட்டை எடுத்தாள். பிரமிளாவிடம் நீட்டினாள்.

"நளினியோட அத்தெ" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "வா பிரமிளா. நீதான் முன்னாடி."

கிழவி, "அந்தக் கையா?" என்றாள்.

"கைய விடும்மா. மொறைய சொல்றேன். அத்தெ அவதான்."

பிரமிளா வாங்கிக்கொண்டாள். கனவில் இல்லாத கனம் இருந்தது, வெள்ளி அல்லவா. சிவப்புக் கம்பளம் இல்லை, பச்சை ஜமக்காளம்தான். முகங்கள் மங்கலாக இல்லை, ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிந்தது. சிலர் பக்கத்தில் இருந்தவர்களை முழங்கையால் இடித்தார்கள். தூணோரமாக நின்ற முரளிதரன் ஏனோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவள் திலீப்பைத் தாண்டி நடந்தாள். அவன் தலை குனிந்து மாலைப் பூவை எண்ணிக்கொண்டிருந்தான். மேடையேறி, விளக்கின் முன் தட்டை வைத்து, கொஞ்சம் தள்ளி நகர்த்தினாள், சூடு படாமல்.

விளக்கு அணையவில்லை. மண்டபம் இடியவில்லை. "அத்தெ, இன்னா லேட்டு?" என்று நளினி உதட்டை அசைக்காமல் கேட்டாள். "எனக்கு ரெண்டு எடுத்து வெச்சியா?"

"வெச்சிருக்கேன். வாய மூடிக்கினு சிரி, போட்டோ எடுக்கறாங்க."

இப்போது நீங்கள். வருகிற தையிலோ வைகாசியிலோ உங்களுக்கும் ஒரு பத்திரிகை வரும். போவீர்கள். மண்டபத்தில் சாமான் அறை வாசலில், பாதி உடம்பை மறைத்துக்கொண்டு, ஒருத்தி மேடையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். புருஷனை இழந்தவளாக இருக்கலாம், விடப்பட்டவளாக இருக்கலாம், பிள்ளை பெறாதவளாக இருக்கலாம், கட்டிக்கொள்ளவே இல்லாதவளாக இருக்கலாம். உங்களுக்கு அவள் சித்தியோ, அக்காவோ, அத்தையோ. பந்திக்கு இடம் பிடிக்க ஓடும் முன் அவளிடம் போங்கள். நல்ல மனசு, நல்ல ராசி என்றெல்லாம் தயவுசெய்து சொல்லாதீர்கள். உறவுமுறையைச் சொல்லி, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடுங்கள். கூப்பிட்டு, ஒரு தட்டை எடுத்து அவள் கையில் கொடுங்கள்.